ஆர்கன் அக்கா நிறுத்தவில்லை

வாரம் முழுக்கப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பயந்து வருகிறவர்களைச் சிரிக்கவைத்து உள்ளே தள்ளுவது அக்காவின் பிழைப்பு. ஞாயிறு காலையில் சபையில் ஆர்கன் வாசிப்பது அவள் சந்தோஷம். அதனால் எல்லாருக்கும் அவள் ஆர்கன் அக்கா. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள். அவனோ ஒரு தச்சரோடு, அவரே துணை என்று குடித்தனம் நடத்துகிறவன். சபையில் இருவருக்கும் எப்போதும் கடைசி பெஞ்சுதான்.

"இந்த வாட்டியும் எங்களைக் கூப்பிடலைன்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்க்கா," என்று தம்பி சொல்லிவிட்டான்.

விஷயம் இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, அந்த மாதம் மணநாள் வருகிற ஜோடிகள் ஆசி வாங்க முன்னால் வந்து நிற்பார்கள். அவர்கள் வந்து சேரும்வரை அக்கா வாசிப்பாள். அவள் நிறுத்தினால்தான் போதகர் ஜெபத்தைத் தொடங்குவார். தம்பியும் தச்சரும் குடித்தனம் தொடங்கிய நாளும் இந்த மாதம்தான்; அவர்களையும் கூப்பிடச் சொல்லி அக்கா முன்கூட்டியே போய்க் கேட்டுப் பார்த்தாள். போதகர் மென்று விழுங்கினார்.

"அவங்க வரட்டும், பாடட்டும், யாரு வேண்டாம்னா? முன்னால மட்டும் வேண்டாமேக்கா. நாலு பேரு பேசுவாங்க."

"என்னைக்குத்தான் அவங்க பேசாம இருந்தாங்க, பாஸ்டர்?"

அந்த ஞாயிறு ஜோடிகள் வந்து நின்றாயிற்று. போதகர் கையைத் தூக்கினார். பாட்டு முடிந்தது, அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். போதகர் கையை இறக்கித் தொண்டையைக் கனைத்தார். அக்காவா, கேட்கிற ஆளா? கண்ணை மூடிக்கொண்டு சுருதியை ஏற்றினாள். கால் மாற்றி மாற்றி நின்ற ஒரு மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது பெஞ்சு பெஞ்சாகத் தொற்றியது. அக்கா யாருக்காக வாசிக்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துபோய், தலைகள் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின.

"எழுந்திருடா. உங்கக்கா மத்தியானம் வரைக்கும் விடமாட்டாங்க," என்று தச்சர் தம்பியைக் கைப்பிடித்து இழுத்து வந்தார்.

இருவரும் முன்னால் வந்து நின்றதும் அக்கா நிறுத்தினாள். அப்பப்பா, அந்த அமைதி! தம்பி இனி இங்கே வருவானா மாட்டானா என்பது போதகர் வாயில் இருந்தது. அவர் கொஞ்சநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லா ஜோடியிடமும் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒன்பது," என்றான் தம்பி.

"பத்து பாஸ்டர். மொதல்ல இருந்த வாடகை வீட்டைக் கணக்குலயே சேர்க்கமாட்டான்," என்றார் தச்சர்.

"அந்த எலிப் பொந்தெல்லாம் ஒரு வீடா?"

சபை கொல்லென்று சிரித்தது. மணநாளை மறந்து மாட்டிக்கொள்ளும் கணவன்மாரைப் பார்த்து மாதாமாதம் சிரிக்கிற அதே சிரிப்பு. போதகரும் சிரித்துக்கொண்டே இருவர் தலையிலும் கை வைத்தார்.

அடுத்த பாட்டை அக்கா தப்பும் தவறுமாக வாசித்தாள். கண்ணீரில் கட்டை தெரிந்தால்தானே.