ஈறு பிடித்த பல்

சோறு ஆறிப்போயிருந்ததாம், அதற்காக மொக்கைச்சாமி பெண்டாட்டியைத் தூக்குச்சட்டியால் முகத்தில் அடித்தான். பாண்டிசெல்வியின் முன்பல் வேரோடு பெயர்ந்தது. உதடு கிழிந்து, தாடை எலும்பிலும் ஒரு சில்லு போயிற்று. ராஜபாளையத்து நூற்பாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கிறவள், வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் பல் கிளினிக்குக்கு வந்தாள். நான் கிருபாபாய், அங்கே நர்ஸ். கட்டையில் போவான், அவனுக்குச் சோறு ஒரு கேடா!

அவள் அன்றோடு அவனை விட்டு மில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவனோ தெருவெல்லாம், "பொக்கைவாய்ச்சி எங்க போவா? எங்கிட்டத்தான் வரணும்" என்று பேசித் திரிந்தான்.

"புதுப் பல்லு நிக்கணும்க்கா. அது விழுந்துட்டா அவன் சொன்னது நெசமாயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

புண் ஆறியதும் டாக்டர் அனுக்ரஹா எலும்பில் ஒரு திருகை இறக்கினார். சில மாதம் கழித்து, ஈறுக்கு வெளியே தெரியும்படி அதன்மேல் ஒரு உலோகக் கழுத்தை மாட்டினார். ஈறு அதைச் சுற்றி ஒட்ட வேண்டும், பல் அதற்குப் பிறகுதான்.

ஒட்டவில்லை. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. தொட்டால் ரத்தம்.

"என்னட்டி பண்ணுன?" என்று அதட்டினேன்.

மில்லில் நூல் ஓடும் உலோகத்தில் சொரசொரப்பு இருந்தால் நூல் அறுந்துவிடும். ஆகவே நூலை ஓட்டிப் பார்த்து, பிசிறு தட்டினால் உப்புத்தாளால் தேய்ப்பது அவர்கள் வழக்கம். இந்தப் புத்திசாலி தன் வாய்க்குள்ளும் நூல் விட்டுப் பார்த்திருக்கிறாள்!

"பிசிறு தட்டுச்சுக்கா. அதான் லேசாத் தேச்சேன்."

டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "அது பிசிறு இல்லம்மா! எலும்புக்குள்ள இருக்குற திருகு நல்லா சொரசொரப்பா இருக்கும், எலும்பு அதைக் கவ்வி வளரும். இந்தக் கழுத்துல பொடிசா வரி வரியாப் போட்டிருக்கு. ஈறோட செல்லு அந்த வரியப் புடிச்சுத்தான் ஒட்டும். நீ கண்டபடி கீறி வச்சா செல்லு ஒட்டாது, கிருமிதான் ஒட்டும். திருகும் ஆடிப்போச்சுன்னா மறுபடி போட உனக்கு எலும்பு கிடையாது."

சீழை எடுத்து, வேறு கழுத்து மாட்டினோம். இந்தத் தடவை அவள் நாக்கைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஈறு மெல்ல ஒட்டியது. பல்லும் மாட்டினோம். கண்ணாடியில் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வழிமறித்து, முடியைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். "எவனுக்குச் சிரிக்கப் பல்லு கட்டுன? பிடுங்காம விடமாட்டேன்" என்று வாய்க்குள் கையை விட்டு, பல்லைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

மோவாயெல்லாம் ரத்தம் வடிய, சேலை நனைந்து வந்து நின்றாள். நாற்காலியில் சாய்த்தோம்.

"ஆடுதாக்கா?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

டாக்டர் பல்லை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஈறைச் சுற்றி அழுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"கெட்டியாப் புடிச்சிருக்கு" என்றார்.

நான் உதட்டை விலக்கினேன், நாக்கைத் தூக்கினேன். வாய்க்குள் எங்கும் காயமில்லை.

"பொறவு ஏதுட்டி இம்புட்டு ரத்தம்?"

"அவன் வெரலு" என்றாள்.

தம்ளரில் தண்ணீர் எடுத்து நீட்டினேன். "நல்லாக் கொப்புளிச்சுத் துப்புட்டி. அந்த ரத்தம் ஒரு சொட்டு உன் உடம்புக்குள்ள போகக் கூடாது."