மீன் கொண்டெய்னர் நின்ற இடம்

சண்டைக் காலம். ஓர்ஸ் ஹில்லில் ஒரு லொறிக் கம்பனிக் கந்தோரில் எனக்கு வேலை. கொண்டெய்னர்ப் பெட்டி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளி கொழும்பிலிருந்து ஒரு கருவி வாங்கி லொறியில் பூட்டினார். வானத்திலிருந்து இடம் காட்டுமாம். முதல் சோதனைச் சாவடியிலேயே ஆமிக்காரர் கழற்றி எடுத்துவிட்டார்கள். கைபேசியும் அப்போது வேலை செய்யாது. ஆகவே ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் போன் எடுப்பேன்.

"எங்கட பெட்டி போயிட்டுதோ?"

"ஓம், போயிட்டுது."

அவ்வளவுதான் கதை. மறித்து வைத்திருக்கிறார்கள் என்று போனில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். யார் ஒட்டுக் கேட்கிறான் என்று தெரியாது.

புல்மோட்டை மீன் ஏற்றிய பெட்டி ஒன்று மூன்று நாளாகியும் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாக் கடையும் போயிட்டுது என்றது. லொறி றைவரின் மனைவி கந்தோருக்கு வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

"அண்ணை, கந்தளாய்க் கடையில அவர் தேத்தண்ணி குடிச்சவரோ எண்டு கேளுங்கோ. அதில குடிக்காமப் போகமாட்டார்."

கேட்டேன்.

"தேத்தண்ணி குடிக்கயில்லை, தம்பி."

கடைக்காரர் போனை வைத்துவிட்டார். அதற்கு முந்தின தம்பலகாமத்துக் கடைக்கும் எடுத்துக் கேட்டேன்; அங்கே குடித்திருக்கிறார். அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில்தான்.

மோட்டார் சைக்கிளில் போனேன். லொறியைக் காணுமுன்னே நாற்றம் வந்தது. சாவடிக்குப் பின்னால் வெயிலில் நின்றது. கதவிடுக்கால் தண்ணீர் வடிந்து, அதன்மேல் இலையான் மொய்த்தது. றைவர் மரத்தடியில் இருந்தார்.

"குளிர் மெசினை நிப்பாட்டச் சொன்னாங்கள். சத்தமாம். இப்ப செக் பண்ணாம விட ஏலாதாம். நாத்தத்தில செக் பண்ணவும் ஏலாதாம்."

"அப்ப?"

"அப்பென்ன. மீனோட சேர்ந்து நானும் நாறுறன்."

இரண்டு பேருமாக இறக்கினோம். பிடித்த இடத்தில் சதை கழன்று கையோடு வந்தது. முழங்கை வரைக்கும் புழு. எல்லாவற்றையும் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டினபிறகு ஆமிக்காரன் ஒருவன் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். எட்ட நின்று உள்ளே பார்த்தான். போ என்று கையைக் காட்டினான். இதற்குத்தான் ஒரு மனிதனை அங்கே இருத்தி வைத்தார்கள்.

கந்தோர் வாசலில் முதலாளி நின்றார். றைவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெட்டியக் கழுவிப் போடுங்கோ. நாளைக்கு றால் ஏத்தவேணும்."

"பெட்டிய நீங்கள் கழுவுங்கோ, ஐயா," என்றார் கதிரையை விட்டு எழும்பி வந்த மனைவி. "நான் இவரைக் கழுவக் கொண்டு போறன்."

புருசனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் காலடியில் இருந்த வாளியை நான் எடுக்கவில்லை.