கரிச்சான் கெடுத்த சகுனம்

மாசி மாதம் எங்கள் ஊற்றோரத்து இலவ மரத்தில் ஓர் இலை இருக்காது. கிளை முழுக்கச் சிவப்புப் பூதான். சாமை அறுப்பு முடிந்து எனக்கும் வேலை குறைந்திருக்கும். விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். தேன் குடிக்க மைனாக்கள் வரும், கொண்டைக்குருவிகள் வரும், அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். மரத்தடியில் புல் மேய ஒரு முயலும் வரும்.

எல்லாருக்கும் கடைசியில் வருபவர் கரிச்சான். வாலில் இரண்டு கம்பி தொங்கும், கம்பி நுனியில் துடுப்பு. ஊரை விட்டு வெளியே போகும் பாதைக்கு வலப்புறம் இருக்கும் மூங்கில் புதரில் உட்கார்ந்து, அச்சு அசலாக வல்லூறு மாதிரி கத்துவார். மைனாக்கள் அலறியடித்துப் பறக்கும். காலியான மரத்துக்கு இவர் நிதானமாகப் பாதையைக் கடந்து போவார், வலமிருந்து இடம். அந்தத் திருட்டு முழி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அந்த வருஷம் அவரால் எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியிருந்தது. மலைக்கு ரோடு வராத, வெள்ளைக்காரன் காலம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்ற ஒருத்தியை நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். பெண் கேட்கப் போக அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெண் கேட்கப் போகையில் ஊற்றருகே முதலில் குறுக்கே போகும் உயிர் வலமிருந்து இடம் போக வேண்டும். மாறிப் போனால் வீடு திரும்பிவிட வேண்டும். அந்தப் பெண் பேச்சையே அப்புறம் எடுக்கக் கூடாது. என் பெரியப்பா மகனுக்கு ஒரு கீரியால் அப்படித்தான் போயிற்று.

கரிச்சான் இருக்க எனக்கென்ன பயம்? துணைக்குப் போன நான், செருப்பைத் தேடுகிற சாக்கில் இழுத்தடித்து, வெயில் மர உச்சியைத் தொட்டு, கரிச்சான் வரும் நேரத்தில் அப்பாவை ஊற்றோரம் கொண்டுவந்து சேர்த்தேன். கரிச்சான் மூங்கிலில் தயாராக இருந்தார். கத்தினார். மைனாக்கள் பறந்தன. முயலை மட்டும் நான் மறந்தே போயிருந்தேன். வல்லூறு என்றால் அதற்கும் கிலிதான். மரத்தடியிலிருந்து பாய்ந்து, இடமிருந்து வலமாகப் பாதையைக் கடந்து மூங்கிலுக்குள் புகுந்துவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார். எல்லாம் போச்சு என்று நானும் திரும்பினேன். இரண்டடி வைத்தவர் நின்றார்.

“வெத்திலப் பைய மறந்துட்டேன் கண்ணு. அத எடுக்கத் திரும்புனப்பதான முயலு போச்சு? இப்ப உன் வலப்பக்கம் என்ன இருக்குது?”

“மரமுங்க.”

“அப்ப வலத்துலயிருந்து எடத்துக்குத்தான போயிருக்குது.”

வெற்றிலைப் பை அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“மாசி பொறந்ததுலயிருந்து பாறை மேல காத்துக் கெடக்கற. ஒரு முயலுக்காக ஊட்டுக்குத் திரும்பறதா?” என்று சொல்லிவிட்டு, மறுபடி பெண் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

கரிச்சான் அப்போதுதான் நிதானமாக வலமிருந்து இடம் கடந்தார். நிமிர்ந்து பார்க்க எங்கள் இருவருக்குமே நேரமில்லை.