சோப்புக் கட்டியில் இல்லாத ஊசி

புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பட்டறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் திட்டிலிருந்த சோப்புக் கட்டி. அதில் எட்டு ஊசிகள் குத்தியிருக்க வேண்டும். ஏழு இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

கீழே பாயின் மேல், முந்தைய மாலை தைத்து முடித்த துப்பட்டி நான்காக மடித்துக் கிடந்தது. நண்பகலுக்குள் ஒரு கைக்குழந்தையை அதில் கிடத்திக் காரில் கொண்டுபோக இருந்தார்கள்.

வெண்ணந்தூரில் தறிகளை விற்றபின் வெறுமனே கிடந்த பட்டறை அது. சிமெண்டுத் தரை அகலமாக இருக்கும், துணியை முழுதாக விரிக்கலாம். அங்கே நாங்கள் நான்கு பெண்கள் கூடித் துப்பட்டி தைக்கிறோம். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டி மேல் விரிப்பு, அடியில் இன்னொரு சேலை, நடுவில் மெத்துக்காக ஓர் அடுக்குத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுவோம். நான் நாளிதழ் ஒன்றில் பக்கம் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவர்களுக்கு நான் பேப்பர்க்காரக்கா. என் தையல் சுமார்தான். அதனால் ஊசி எண்ணும் வேலை என்னிடம் வந்தது.

ஊசியைச் சோப்பில் குத்தி வைக்கச் சொன்னவர் எங்களில் ஒருவர். சோப்புப் பட்ட ஊசி எத்தனை அடுக்கானாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். இப்படிக் கற்றவை நிறைய. நூலை ஒரு முழத்துக்கு மேல் கோத்தால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். துவைத்துப் பழகிய துணியோடு புதுத்துணியைச் சேர்த்தால் முதல் சலவையிலேயே புதுசு சுருங்கிப் பழசைக் கிழிக்கும். தையலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பொதுக்கென்று நிற்கும். இவற்றையெல்லாம் மீறலாம், துணிதான் கெடும். மீறக் கூடாதது ஒன்றுதான்: ஊசியை எண்ணாமல் எழுந்து போகக் கூடாது. முந்தைய மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மின்சாரம் போனது, மழையும் பிடித்தது. காலையில் எண்ணிக்கொள்ளலாம் என்று கலைந்துவிட்டோம்.

துப்பட்டி அந்தக் குழந்தையின் பெரியம்மாவுடையது. அவரும் எங்கள் குழுவில் ஒருவர். அவருக்கும் தங்கைக்கும் தாய் தகப்பன் இருவரும் இல்லை. தங்கையின் பிரசவத்தைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். ஐந்தாம் மாதம் தங்கையையும் குழந்தையையும் சேந்தமங்கலத்திலுள்ள புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் அன்றுதான். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் கார் கிளம்ப வேண்டும். மேல் விரிப்பு முழுக்க அவர்களுடைய அம்மாவின் சேலைகள். போன மாதம் பார்க்க வந்த தங்கையின் மாமியார், "அம்மா இல்லாத ஊடு, நாங்க ஒண்ணும் பெருசா எதிர்பாக்கலைங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். அதைப் பெரியம்மா எங்களிடம் மூன்று முறை சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்குத் துப்பட்டியை எடுத்துப் போக அவர் வந்தார். கூடவே ரிக் வண்டிக்காரர் மனைவியும் வந்தார். கணவர் வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்க, இங்கே வீட்டையும் எங்கள் குழுவையும் நடத்துகிறவர் அவர். நான் சோப்புக் கட்டியைக் காட்டினேன்.

"எல்லாரும் அவங்கவங்க மாராப்பப் பாருங்க. ஊக்கோட ஊக்கா மாட்டிட்டிருக்கும்" என்றார் ரிக்காரர் மனைவி.

பார்த்தோம். பாயை உதறினோம். தரையைக் கூட்டி, குப்பையை வெள்ளைத் துணியில் கொட்டி விரலால் அளைந்தோம். நூலும் பொட்டும் ஒரு ஹேர்பின்னும் இருந்தன. ஊசி இல்லை.

நான்காமவர் விசைத்தறியில் வேலை செய்யும் பெண். அன்று காலை அவருக்குத் தறி முறை. திரும்பத் திரும்பப் போன் செய்தேன். மணி போனது, எடுக்கவில்லை. தறி ஓடும் சத்தத்தில் மணி கேட்காது. டீக்குத் தறியை நிறுத்தினால்தான் உண்டு.

"அவ எதுக்கு எடுக்கறா? அவ ஊட்டுல ஊசி இல்லியா?" என்றார் ரிக்காரர் மனைவி.

அப்படியென்றால் மிச்சமிருந்த இடம் ஒன்றுதான். மூன்று பேரும் பாயில் கிடந்ததைப் பார்த்தோம். பெரியம்மா அதை விரித்து, உள்ளங்கையை அழுத்தித் தடவத் தொடங்கினார்.

"கையைக் குத்திக்காதே" என்றேன்.

"குத்தட்டுங்க்கா. எங்கையில குத்துனா தேவலை."

குத்தவில்லை. படுக்கைவாட்டில் இருக்கும் ஊசி கைக்குத் தெரியாது. குழந்தை புரண்டு, துணி மடங்கி, அது நிமிரும்போதுதான் தெரியும்.

ரிக்காரர் மனைவி ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க் கணவரின் சாமான் பெட்டியிலிருந்து ஒரு காந்தம் கொண்டுவந்தார். கீழே விழும் நட்டு போல்ட்டைப் பொறுக்க வைத்திருப்பது, ஒரு பன் அளவு. மூலையில் வைத்து, தையல் வரிசையோடு மெதுவாக இழுத்தார். பெரியம்மா முழங்கால் போட்டுக் கூடவே நகர்ந்தார். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டோம். நடுவுக்குச் சற்று மேலே, குழந்தையின் தலை வரும் இடத்தில், துணி காந்தத்தோடு எழுந்தது.

ரிக்காரர் மனைவி காந்தத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே இடத்தில் மறுபடி எழுந்தது.

"பிரி" என்றார்.

தையலைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாலு தையலுக்கு ஒன்றை வெட்டி, பின்பக்கம் நூலை இழுத்தால் துணி கிழியாமல் வந்துவிடும். பெரியம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அன்று அதை மறந்து ஒவ்வொரு தையலாக வெட்டினார். உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பிரிந்ததும் ரிக்காரர் மனைவி காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார். அதன் விளிம்பில் ஓர் ஊசி ஒட்டியிருந்தது.

"அப்பாடா சாமி" என்று பெரியம்மா சுவரில் சாய்ந்தார்.

நான் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாதியில் ஒடிந்தது, கொஞ்சம் துரு ஏறியது, நுனி மட்டும் கூர்மை. கண் நுனிக்கு அருகே இருந்தது. கையால் தைக்கும் ஊசிக்குக் கண் மேலே இருக்கும்.

"இது நம்ம ஊசி இல்லை. மெஷின் ஊசி" என்றேன்.

"பேப்பர்க்காரக்கா, உங்க வாயில நல்லதே வராதா?" என்றார் ரிக்காரர் மனைவி. பிறகு வாங்கிப் பார்த்தார். "ஆமாங்க" என்றார், குரல் இறங்கி.

நாங்கள் மெஷின் வைத்திருக்கவில்லை. எங்கள் ஊசி இன்னும் கிடைக்கவுமில்லை. பெரியம்மா சுவரை விட்டு நிமிர்ந்தார். "அப்ப உள்ள இன்னொண்ணு இருக்குதுங்களா?"

காந்தத்தை மறுபடி முதல் மூலையில் வைத்தோம். இந்த முறை ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை. பாதி போவதற்குள் தங்கை போனில் கூப்பிட்டாள். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, கார் வந்து நிக்குது. அத்தை ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. நீ எங்க இருக்கறே?"

"வாரேன் கண்ணு. துப்பட்டி மடிக்கறோம்."

"அதை மடிக்க இத்தனை நேரமா? முடியலேன்னா உடு, அப்பறம் குடுத்துக்கலாம்."

"அப்பறமெல்லாம் இல்லை. நீ புள்ளைக்குப் பாலைக் குடு" என்று போனை வைத்தார். எங்களைப் பார்க்காமல், "இழுங்க்கா" என்றார்.

கடைசி மூலை வரை துணி எழவே இல்லை. ஆனால் ஒடிந்த ஊசிக்கும் துணி முதல் பக்கத்தில் எழவில்லை, திருப்பிப் போட்டபின்தான் எழுந்தது. எழவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரியம்மா கத்திரியை எடுத்தார். முழுக்கப் பிரித்துவிடப் போகிறார் என்று புரிந்தது. பிரித்தால் மறுபடி தைக்க இரண்டு வாரம் ஆகும்.

பதினொன்று தாண்டியிருக்கும். வாசலில் டிவிஎஸ் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. தறிக்காரப் பெண் தலைமுடியெல்லாம் பஞ்சோடு உள்ளே வந்தார்.

"என்னங்க்கா, பதினாலு மிஸ்டு கால்! ஆருக்கு என்ன ஆச்சு?"

"ஊசி ஒண்ணு கொறையுது" என்றேன்.

அவர் கை தன்னால் கழுத்துக்குப் போனது. தாலிச் சரட்டில் ஊக்குகளோடு தொங்கிய ஒரு சிறு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்கள் ஊசி இருந்தது. கண் மேலே, துருவில்லை, முனையில் இன்னும் சோப்பு.

"நாந்தான் எடுத்துட்டுப் போனேன். இவரு சட்டைக்குப் பட்டன் வெக்கோணும்னு. இருக்கற ஊசி ஒடைஞ்சு போச்சு."

"சொல்லிட்டு எடுத்தா என்ன?" ரிக்காரர் மனைவியின் குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"வெளக்கு வெச்ச பொறவு ஊசி கேட்டா நீங்க குடுப்பீங்ளா? போன வருசம் நான் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? மகாலட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியான்னு கேக்கலை? அதான் கேக்காம எடுத்தேன்."

ரிக்காரர் மனைவி அப்படிச் சொன்னது உண்மை. நானும் அப்போது அங்கே இருந்தேன். எங்கள் பக்கம் பொழுது இறங்கியபின் ஊசியோ உப்போ கேட்டால் தர மாட்டார்கள்.

பெரியம்மா கத்திரியைக் கீழே வைத்தார். "நீ எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு" என்றார். தறிக்காரப் பெண் அதைக் குத்தல் என்று நினைத்து முகம் சுருங்கினார். நான் ஒடிந்த ஊசியைக் காட்டி நடந்ததைச் சொன்னபின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனிக் கணக்கு சரி. ஆனால் கணக்கில் வராதது ஒன்று உள்ளே இருந்ததைப் பார்த்த பிறகு, எட்டு ஊசியும் சோப்பில் இருப்பது யாருக்கும் போதவில்லை. பெரியம்மா வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்தார். துப்பட்டியின் மேல் படுத்தார். கன்னத்தையும் இரண்டு முன்கைகளையும் அழுத்தி, ஓரத்திலிருந்து ஓரம் வரை உருண்டார். துணியை மடக்கி, கசக்கி, திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்திலும் உருண்டார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்தபோது கன்னத்தில் தையல் வரிசை பதிந்திருந்தது. ரத்தம் எங்கும் இல்லை.

பிரித்த இடத்தை அவரே தைத்தார். தறிக்காரப் பெண் நூல் கோத்துக் கொடுத்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் கிளம்பியது. தங்கையின் மடியில் துப்பட்டி, அதன் மேல் குழந்தை.

பட்டறைக்குத் திரும்பியதும், மெஷின் ஊசி எப்படி உள்ளே வந்திருக்கும் என்று கேட்டேன். ரிக்காரர் மனைவி மூலையிலிருந்த வெறும் சாக்கைக் காட்டினார். நடு அடுக்குக்கு அவர் வாங்கிவந்த பனியன் வேஸ்ட் அந்தச் சாக்கில் வந்தது. தையல் கம்பெனியில் வெட்டி ஒதுக்குவது, மெத்தென்றிருக்கும். குழந்தைத் துப்பட்டிக்கு அதைவிட நல்லதில்லை.

"இதுல பாதிதானே இந்தத் துப்பட்டிக்கு ஆச்சு? மிச்சம் எங்கே?" என்றேன்.

அவர் போனை எடுத்தார். போன மாதம் ராசிபுரத்து வாத்தியாரம்மா ஒருவர், பேரனுக்கென்று எங்களிடம் ஒரு துப்பட்டி தைத்து வாங்கிப் போயிருந்தார். மிச்சப் பனியன் வேஸ்ட் அதற்குள் இருந்தது. மணி நான்கைந்து முறை போன பிறகு வாத்தியாரம்மா எடுத்தார். குரலை அடக்கிப் பேசினார். குழந்தை இப்போது அதில்தான் தூங்குகிறது என்றார்.