பச்சைமிளகாய்க் கண்ணீர்

நான் ஜெபிக்கவில்லை. ஜெபித்ததாக ஊரை நம்பவைத்தேன்.

அப்பாடா... சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

நான் எலக்ட்ரீஷியன். காஞ்சிபுரத்தில் கருடசேவைக்கும் சீரியல் லைட் கட்டுவேன், கிறிஸ்மஸுக்கு எங்கள் சபையில் நட்சத்திரமும் கட்டுவேன். எந்த வீட்டில் ஃப்யூஸ் போனாலும் என் வாய்க்கு மட்டும் போனதில்லை. யாராவது கஷ்டமென்று வந்தால் போதும், "கவலப்படாதீங்க, ஜெபத்துல வெச்சிக்கிறேன்" என்பேன். வைப்பேன்... எங்கே வைத்தேன் என்பதுதான் எனக்கே தெரியாது!

பரீட்சை, கல்யாணம், கோர்ட்டு கேஸ், மூட்டுவலி... எத்தனை பேர் கேட்டார்கள்! ஒருவருக்காகவாவது கண்ணை மூடினேனா? மூடினேன், தூக்கத்துக்கு. என் பாட்டுக்குச் சொல்கிறேன், அவர்களுக்கும் ஓர் ஆறுதல், இதில் யாருக்கு என்ன கெடுதல் என்றிருந்தேன்.

அப்போதுதான் தாஸ் வந்தான்.

தாமல் பக்கத்து ஆள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், எங்கள் சபைக்காரன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி ரோசிக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் ஆபரேஷன்.

"காலைல பத்து மணிக்கு உள்ள கூட்டிக்கினு போறாங்கண்ணா. அந்நேரத்துக்கு நீங்க முட்டி போட்டு ஜெபிங்கண்ணா. எனக்கு வாய்ல வார்த்தையே வர்ல."

"நீ தைரியமா போப்பா. அவ வெளிய வர்ற வரிக்கும் நான் ஆண்டவர் கால உடமாட்டேன்!"

என்ன வசனம், பார்த்தீர்களா!

மறுநாள் பத்து மணிக்கு நான் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். ரோசியின் நினைப்பே இல்லை. மதியம் டீக்கடைக்குப் போனேன். மசால் வடையில் ஒளிந்திருந்த ஒரு முழுப் பச்சைமிளகாயைக் கடித்தேன். அந்த நொடி பார்த்துத்தானா போன் அடிக்கவேண்டும்!

எடுத்தேன். பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். "ஹா... ஸ்ஸ்... ஹா..." அவ்வளவுதான்.

"அண்ணா! இன்னும் முட்டி போட்டுக்கினா கீறீங்க? அழாதீங்கண்ணா! ஆண்டவர் கேட்டுட்டாரு! ரோசி கண்ணு முழிச்சிட்டாண்ணா!"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "வடைப்பா" என்று சொல்லியிருக்கவேண்டும்.

"ஆமென்" என்றேன்.

அடுத்த ஞாயிறு தாஸ் சபையில் எழுந்து சாட்சி சொன்னான். "அண்ணன் அழுத சத்தத்த இந்தக் காதால கேட்டேன்!" சபையே "ஸ்தோத்திரம்!" என்று அதிர்ந்தது. நானோ... எப்படிச் சொல்வேன்... எழுந்து தலையைக் குனிந்து, "மகிமையெல்லாம் அவருக்கே" என்றேன். பொய்க்குத் தாழ்மை வேஷம் வேறு!

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "முட்டி போட்ட மூஞ்சியப் பாரு! உன் பேண்ட்டத் தோய்க்கிறவ நானு. ஒருநாளாவது முட்டில அழுக்கு இருந்துக்குதா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு ரோசிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அப்போதும் 'ஆமென்' என்றுதான் சொல்லியிருப்பேனா? இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை... இரண்டு வருஷம்!

போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், சபையில் நட்சத்திரம் கட்டப் போயிருந்தேன். பட்டப்பகல். உள்ளே ஒருவருமில்லை. ஏணியிலிருந்து இறங்கினேன். ஏனென்று கேட்காதீர்கள், முட்டி தானாக மடிந்தது. பிரசங்கத் தமிழில் ஆரம்பித்துப் பார்த்தேன்: "சர்வ வல்லமையுள்ள..." அதற்குமேல் வரவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு வந்ததெல்லாம் எங்கள் தெருப்பேச்சுதான்.

"ஆண்டவரே, நான் ஒரு டுபாக்கூரு. உன் பேரச் சொல்லிக்கினு ஊர ஏமாத்திக்கினு கீறேன்பா. ரோசிய அன்னிக்கி நெனைக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன்... அவள நல்லா வெச்சிக்கப்பா."

அழுதேன். இந்தமுறை வாயில் மிளகாய் இல்லை.

வானம் திறக்கவில்லை, குரலொன்றும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் இரண்டு வருஷமாக இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. சமாதானம் என்று பாட்டில் பாடுவோமே... அதுவா இது! இவ்வளவு நாள் வாசலிலேயே நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேனே!

இப்போதெல்லாம் யாராவது கேட்டால் 'வெச்சிக்கிறேன்' என்பதில்லை. என் ஞாபகசக்தி எனக்குத் தெரியாதா? அங்கேயே, அப்போதே கண்ணை மூடிவிடுகிறேன். பஸ்ஸ்டாண்டானாலும் சரி.

தாஸிடம் சொல்லாமலா விட்டேன்? நேற்று அவன் ஆட்டோவில் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, வடை, மிளகாய்... ஒன்றையும் விடவில்லை.

அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்தான்!

"மொளகாவா! உங்க தமாஷுக்கு அளவே இல்லண்ணா!"

"தமாஷ் இல்லப்பா. சத்தியமா..."

"எனக்குத் தெரியும்ணா. பேரு வர்றது உங்களுக்குப் புடிக்காது. தாழ்மண்ணா, தாழ்ம!" சிரிப்பு சட்டென்று நின்றது. "ரோசிக்கி மறுபடியும் வலிக்கிதுண்ணா. செவ்வாக்கெழம ஸ்கேனு. ஜெபிங்கண்ணா... அன்னிக்கி மாதிரியே."

அன்னிக்கி மாதிரியே!

"அன்னிக்கி மாதிரி வேணாம்பா" என்று அவன் கையைப் பிடித்தேன். அங்கேயே ஜெபித்தேன், முழு மனசோடு. சமாதானம் வந்தது, பொய் சொல்லமாட்டேன், உண்மையாகவே வந்தது.

தாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமென்" என்றான்.

அது எந்த ஜெபத்துக்குச் சொன்ன ஆமென்? இதற்கா, அன்றைய மிளகாய்க்கா? நீங்களாவது சொல்லுங்களேன்...