படகில் ஆட்கள்: ஏழு

இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. ஒவ்வொரு நேரமும் எங்கள் அலுவலகக் கணினியின் பதிவில் இருக்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

விசாகப்பட்டினம் துறைமுகத்தில் சரக்குப் படகுகள் ஓட்டும் கம்பெனி ஒன்றில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகஸ்டில் எங்கள் படகு ஒன்று புயலில் மூழ்கியது. பட்டியலில் இருந்தவர்கள், கேப்டன் நூக்கராஜுவையும் சேர்த்து, ஆறு பேர். அதற்குப் பிறகு யார் யாரோ எங்கள் பெயரில், ‘உங்கள் மகன் பிழைத்திருக்கிறான்’ என்று போலிக் கடிதம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் வடிகட்டி.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் என் பயம் புரியும். மின்னஞ்சலில் அனுப்புநர் என்று யார் பெயரையும் போடலாம். அதனால் வடிகட்டி பெயரை நம்பாது. இரண்டே கேள்வி கேட்கும். நாங்கள் அனுமதித்த இடத்திலிருந்து புறப்பட்டதா? முத்திரை சரியா? முத்திரை குத்தும் ரகசியச் சாவி, அனுப்பும் கணினிக்குள் மட்டும் இருக்கும். அதைச் சரிபார்க்கும் ஜோடிச் சாவியை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருப்போம். இரண்டும் தேறினால் உள்பெட்டி. இல்லாவிட்டால் குப்பைப் பெட்டி.

படகுக்கு ஒரு சாவி. நூக்கராஜு படகின் ரகசியச் சாவி அந்தப் படகிலேயே இருந்தது. கடலுக்கடியில். அதன் ஜோடியை இணையத்திலிருந்து எடுக்க நான் மறந்திருந்தேன்.

செப்டம்பர் 9. மதியம் 2.00. வடிகட்டியை ஓடவிட்டேன். வெளியே மழை.

பைடிதல்லி டீ கொண்டுவந்தாள். அவள் கணவன் எர்ரய்யா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். ரெண்டு நாள் வேலை என்று ஆகஸ்டில் போனவன் திரும்பவில்லை.

“உன் வீட்டுக்காரர் ஒடிசா பக்கம் புதுசா ஒரு வீடு பாத்துட்டாராமே?” என்றார் எங்கள் அதிகாரி திரிநாத்.

“பாத்தா பாக்கட்டும் சார். அட்ரஸ் குடுங்க. பொட்டை வெச்சுக்கணுமா அழிக்கணுமான்னு கேட்டுட்டு வந்துடுறேன்.”

திரிநாத் டீயை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பினார்.

2.10. டிங்...

அனுப்புநர்: நூக்கராஜு. தினமும் 2.10-க்கு அறிக்கை அனுப்புவது அவர் வழக்கம். போலிதான், முதல் மீன் மாட்டிவிட்டது என்று குப்பைப் பெட்டியைத் திறந்தேன்.

காலி.

கடிதம் உள்பெட்டியில் இருந்தது. புறப்பட்ட இடம்: சரி. முத்திரை: சரி.

‘வேகம்: 0. ஆழம்: 41 மீட்டர். படகில் ஆட்கள்: 7.’

“திரிநாத் காரு... ஒரு நிமிஷம்.”

அவர் படித்தார். “போனதே ஆறு பேர்தானப்பா. எவனோ விளையாடுறான். உன் வடிகட்டி ஓட்டை.”

“முத்திரை பொருந்துது சார்.”

“பொருந்தாம பண்ணு.”

பண்ணினேன். 2.31-க்கு ஜோடிச் சாவியை அழித்தேன்.

மறுநாள் 2.10. குப்பைப் பெட்டியில் ஒன்று.

அதற்கு மறுநாளும்...

நான் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பைடிதல்லி தினமும் டீ வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 6. காலையில் முக்குளிப்பவர்கள் படகுக்குள் இறங்கி, இருந்த உடல்களை எல்லாம் மேலே கொண்டுவந்தார்கள். ஆறு. கணக்குச் சரி என்று திரிநாத் பெருமூச்சு விட்டார்.

2.10.

இந்த முறை திறந்தேன். எல்லாவற்றையும்.

இருபத்தேழு கடிதங்கள். இருபத்தாறில், ஆட்கள்: 7.

கடைசியில்...

ஆட்கள்: 1.

3.30-க்குப் பிணவறையிலிருந்து போன். ஆறு உடல்களில் ஒன்று பட்டியலில் இல்லாத ஆள். கேப்டனின் உடல் அதில் இல்லை.

இங்கே கேப்டன்கள் ஆள் போதாதபோது ஒரு கூலியாளைப் பட்டியலில் காட்டாமல் ஏற்றிக்கொள்வார்கள். அறிக்கையிலும் காட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அடையாளம் காட்டப் பைடிதல்லியோடு நான்தான் போனேன். துணியை விலக்கினார்கள். எர்ரய்யா. அவள் அழவில்லை. நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் பாபு?”

“இன்னிக்குத்தாம்மா.”

அன்று மாலை, புறப்பட்டதிலிருந்து மூழ்கும்வரை நூக்கராஜு அனுப்பியிருந்த இரண்டு அறிக்கைகளைத் தேடி எடுத்தேன்.

உயிரோடு இருந்தபோது, இரண்டிலும் ஆறு என்றுதான் எழுதியிருந்தார்.