கூப்பிட்டுக் கல்லெறிபவர்

பெயின்டர் உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடிக்கிறார். நீளமாக ஓர் இழுப்பு, பிறகு இரண்டு விம்மல். தோட்டத்து வேலிக்கு அப்பால் தொடங்கும் காட்டில் இலை அசைகிறது. உடனே அவர் கையிலிருந்த கல் பறக்கிறது. புறா இருக்கும் கிளைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுகிறது. குறி தப்ப எறிவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“வா வான்னு கூப்பிட்டுக் கல்லால அடிக்கிறீங்களே! எங்க அண்ணன் வந்தாலும் இப்படித்தானே செய்வீங்க?” என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

“உங்க அண்ணனுக்குக் கல்லெறிஞ்சாலும் புரியாதுடி. இதுங்களுக்குப் புரியும்.”

நகக்கண்ணில் எந்நேரமும் வண்ணம் ஒட்டியிருக்கும் இந்த மனிதரை, இளமையில் வேட்டைக்காரர்கள் வீடு தேடி வந்து அழைத்துப் போவார்கள். இவர் சீழ்க்கையைத் துணையின் குரல் என்று நம்பிக் காட்டுப்புறாக்கள் தாழ்ந்த கிளைக்கு வந்து அமரும். அப்புறம் துப்பாக்கி பேசும். “நான் ஒண்ணைக்கூடச் சுட்டதில்லை. கூப்பிட்டதோட சரி” என்பார். சொல்லும்போது அவர் பார்வை நம் முகத்தில் நிற்காது.

வேட்டைக்குத் தடை வந்த பின்பும் திருட்டுத்தனமாகச் சுட வருகிறவர்கள் அதே சீழ்க்கையைத்தான் அடிக்கிறார்கள். இவரிடம் கற்றது. அதனால்தான் இந்தக் கல். சீழ்க்கை கேட்டால் ஓடிப்போ என்று புறாக்களுக்குப் பழக்குகிறார். முன்பெல்லாம் பதில் கூவிக்கொண்டே வந்தவை, இப்போது வாயே திறப்பதில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இன்று கல் விழுந்த கொஞ்ச நேரத்தில் வனத்துறை அதிகாரி வந்தார், ஒலிப்பதிவுக் கருவியோடு. இந்தப் புறா இங்கே இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லையென்றால் இந்தக் காட்டை வெட்டக் கூடாதென்ற தடையும் நீங்கிவிடும், மரங்கள் ஏலத்துக்குப் போய்விடும் என்றார்.

“இருக்கு சார். தினம் பார்க்கறேனே!”

“நீங்க பார்த்தாப் போதாதுங்க, குரல் பதிவாகணும். நீங்க கூப்பிட்டா வராம இருக்குமா? ஒரு தடவை அடிங்க.”

அடித்தார். பெற்றவள் பிள்ளையை அழைப்பது போல அத்தனை கனிவு அதில். காடு மூச்சு விடவில்லை. மறுபடி அடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் தளும்பியது. மறுபடியும் அடித்தார்.

வேலியோரம் நின்ற மனைவி இந்த முறை கேலி செய்யவில்லை. “நீங்க சொன்ன பேச்சைக் கேக்குதுங்க” என்றாள் மெல்ல.

அதிகாரி கருவியை உறைக்குள் வைத்தார். பெயின்டர் வேலியைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்றார். இன்னொரு முறை சீழ்க்கை அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை அகல விரித்து, வெறும் உள்ளங்கைகளைக் கிளைகளுக்குக் காட்டினார்.